காவிரிப் படுகையில் கருநீர் மீன்தொட்டி: பீட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் டெட்ரா, டிஸ்கஸ் மீன்களை வளர்க்கிறவர்கள், தண்ணீரை அமிலமாகவும் மென்மையாகவும் ஆக்கப் போடும் பீட் என்ற சதுப்புப் பொருளைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். பீட் பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பலவும் குழாயைத் திறந்தாலே மென்னீர், அதாவது கால்சியம் போன்ற உப்பு குறைந்த தண்ணீர், வரும் ஊர்களுக்காக எழுதப்பட்டவை. நம் பக்கத்துத் தண்ணீர் அப்படிப்பட்டதில்லை. அதனால் இங்கே பீட்டைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

கருநீர்த் தொட்டி என்றால் என்ன?

இலையும் வேரும் மரமும் ஊறி ஊறி, கடுந்தேநீர் நிறத்துக்கு வந்த தண்ணீர்தான் கருநீர். மீன் கடைகளில் பிளாக்வாட்டர் என்பார்கள். பிரேசிலில் மனாஸ் நகரத்துக்கு அருகே அமேசானோடு சேரும் ரியோ நீக்ரோ ஆறு இதற்குப் பெயர்போனது. போர்னியோ, சுமத்ரா, மலேசியத் தீபகற்பம் ஆகிய இடங்களின் பீட் சதுப்புக் காடுகளிலும் இதே தண்ணீர்தான். அங்கெல்லாம் மண்ணில் சுண்ணாம்பு மிகக் குறைவு. தண்ணீரில் கரைய உப்பு இல்லாததால், இலையிலிருந்து இறங்கும் அமிலத்தைத் தடுக்கவும் எதுவும் இல்லை. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) ரியோ நீக்ரோவில் 4, 5 அளவில் இருக்கும். சுமத்ராவின் சில சதுப்புகளில் அது 3 வரை இறங்கும். அந்தத் தண்ணீரிலும் மீன் இருக்கிறது. 2006-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான பீடோசிப்ரிஸ் என்ற மீன் அங்கேதான் கிடைத்தது. அதில் முதிர்ந்த பெண் மீன் ஒன்றின் நீளம் 7.9 மில்லிமீட்டர்தான்.

ஆகவே கருநீர் என்பது மூன்று சேர்ந்தது: பழுப்பு நிறம், மிகக் குறைந்த உப்பு, அமிலத்தன்மை. நிறம் மட்டும் வந்துவிட்டால் கருநீர் ஆகிவிடாது. சம்பா அறுத்த வயலில் தாள் ஊறிக் கிடக்கும்போது தண்ணீர் நல்ல பழுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நம் வண்டல் மண்ணில் நிற்கும் தண்ணீர். அதில் உப்பும் காரமும் இருக்கின்றன.

பீட் என்பது என்ன? தண்ணீரில் அது என்ன செய்கிறது?

குளிர்நாடுகளின் சதுப்புகளில் ஸ்பாக்னம் என்ற பாசி காற்றுப் படாமல் பாதி மட்கி, அடுக்கடுக்காகப் படிந்து உண்டாவது பீட். கனடா, பால்டிக் நாடுகள், அயர்லாந்து பகுதிகளில் வெட்டி எடுக்கிறார்கள். தோட்டக் கடையில் பீட் மாஸ் என்ற பெயரில் மூட்டையாகவும், மீன் கடையில் சிறு குருணைகளாகவும் வரும்.

தண்ணீரில் அது இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, ஹியூமிக், ஃபல்விக் அமிலங்களையும் டானின் என்ற துவர்ப்புப் பொருளையும் வெளியிடுகிறது. நிறம் வருவது இதனால்தான். இரண்டாவதுதான் முக்கியமானது: தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. கடினத்தன்மை கொஞ்சம் குறைவதும், அமிலம் கூடுவதும் இப்படித்தான். ஆனால் இந்தப் பிடிக்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. பிடித்து நிறைந்துவிட்டால் அதற்குமேல் அது வெறும் சக்கை.

கடையில் கேட்டால் கோகோபீட் தருகிறார்கள். அதையே போடலாமா?

வேண்டாம். பெயரில் பீட் இருந்தாலும் அது தென்னை நார்க்கழிவு. மாடித்தோட்டத்துக்கு அருமையான பொருள், ஆனால் மீன் தொட்டிக்கு ஆகாது. தேங்காய் மட்டையிலேயே சோடியமும் பொட்டாசியமும் நிறைய உண்டு. கழிமுகத்துத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையாக இருந்தால் உப்பு இன்னும் கூடும். அந்த உப்பைப் போக்க, செடிகளுக்கான நல்ல தரக் கோகோபீட்டைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் நனைத்து எடுப்பதும் வழக்கம். கால்சியமும் வேண்டாம், நைட்ரேட்டும் வேண்டாம் என்று இருக்கிற தொட்டியில் இரண்டையும் கொண்டுபோய்ப் போட்டதாகிவிடும். நிறம் கொஞ்சம் வருவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

வாங்கும்போது பையில் ஸ்பாக்னம் பீட் மாஸ் என்று இருக்கிறதா, உரம் கலக்காததா, ஈரமூட்டும் ரசாயனம் சேர்க்காததா என்று பாருங்கள். நாற்றங்கால் கலவைகளில் உரமும் சுண்ணாம்பும் சேர்த்திருப்பார்கள், அவை கூடவே கூடாது. சந்தேகம் இருந்தால் மீன் தொட்டிக்கென்றே வரும் பீட் குருணையை வாங்கிவிடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நிம்மதி.

போர் தண்ணீரில் பீட் போட்டேன். நிறம் நன்றாக வந்தது, பி.எச். மட்டும் 8-லிருந்து அசையவே இல்லை. பீட் போலியா?

பெரும்பாலும் பீட்டில் குறை இருக்காது. இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீரில் பைகார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கார்பனேட் கடினத்தன்மை, சுருக்கமாக கே.எச்., என்று அளக்கிறோம். ஒரு டிகிரி கே.எச். என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். பீட் விடும் ஒவ்வொரு துளி அமிலத்தையும் இந்தப் பைகார்பனேட் விழுங்கிவிடும். அது தீரும்வரை பி.எச். அசையாது. தீர்ந்த பிறகு சடாரென்று விழும். அதனால்தான் சிலருக்கு வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் இருந்து, திடீரென ஒரே இரவில் மீன் தத்தளிக்கிறது.

நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரில் கே.எச். 10, 15 என்று இருப்பது சாதாரணம். கடலோரம் போகப் போக, வேதாரண்யம், நாகை பக்கம், உப்பும் சேர்ந்துகொள்ளும். வாளியில் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காமல் போவது, பருப்பு வேக நேரமாவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த அடையாளங்கள்தான். அந்தத் தண்ணீரைப் பீட்டை வைத்தே மென்மையாக்க நினைத்தால் மூட்டை மூட்டையாகப் போட வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும். பணமும் வீண், பீட்டும் வீண்.

இன்னொன்று. வீட்டில் உப்புப் போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் இருக்கிறது, அந்தத் தண்ணீர் ஆகுமா என்று கேட்கிறார்கள். ஆகாது. அந்த இயந்திரம் கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது. குளிக்க நன்றாக இருக்கும், துணி வெளுக்கும். ஆனால் பைகார்பனேட் அப்படியே இருப்பதால் பி.எச். இறங்காது.

ஆக, முதலில் கே.எச்.ஐக் குறையுங்கள், பிறகு பீட் போடுங்கள். வரிசையை மாற்றினால் எதுவும் நடக்காது.

அப்படியானால் டெல்டாவில் மென்னீருக்கு எங்கே போவது?

இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது மழை. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொல்லும் நாட்டில் இருக்கிறோம். நூறு சதுர அடித் தளத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 460 லிட்டர் தண்ணீர். இரண்டடித் தொட்டி ஒன்றின் முழுக் கொள்ளளவே 56 லிட்டர்தான். வடகிழக்குப் பருவத்தில் நாலு நல்ல மழையைப் பிடித்து வைத்தால் மாதக்கணக்கில் ஓட்டலாம். மழைநீர் சேகரிப்புக் குழாய் ஏற்கெனவே இருக்கும் வீடுகளில், குழிக்குப் போகும் முன் ஒரு வால்வு வைத்துப் பேரலுக்குத் திருப்பிவிட்டால் போதும்.

சில விஷயங்களைக் கவனியுங்கள். பருவத்தின் முதல் மழையைப் பிடிக்காதீர்கள், அது தளத்துத் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவட்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழையிலும் முதல் கால்மணி நேரத்தை விட்டுவிடுங்கள். புதிதாகப் போட்ட சிமெண்ட் தளமும் சுண்ணாம்பு அடித்த மாடியும் தண்ணீரைக் கடினமாக்கும். அந்த வீடுகளில் தார்பாய் கட்டிப் பிடிப்பது மேல். கடலோரத்தில் புயல் காற்றோடு வரும் மழையில் கடல் உப்பு கலந்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சேமியுங்கள். பேரல் முன்பு எதற்குப் பயன்பட்டது என்று தெரியாமல் வாங்காதீர்கள். பூச்சிமருந்து வந்த பேரலை எத்தனை முறை கழுவினாலும் மீனுக்கு ஆகாது. அப்புறம், வாயைக் கொசுவலைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

இரண்டாவது ஆர்.ஓ. தண்ணீர். வீட்டு இயந்திரத் தண்ணீரோ, இருபது லிட்டர் கேனோ, எதுவானாலும் அளந்து பாருங்கள். டி.டி.எஸ். 20 முதல் 60 வரை காட்டினால் நல்லது. சில இயந்திரங்களில் சுவைக்காகக் கனிமம் திரும்பச் சேர்க்கும் பகுதி இருக்கும், சிலவற்றில் வடிகட்டாத நீரைக் கலக்கும் திருகு இருக்கும். அவை இருந்தால் 150, 200 என்று காட்டும், நம் வேலைக்கு அது அதிகம்.

கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிற ஊர்களில் அது போர் நீரைவிடத் தேவலாம். ஆனாலும் கருநீருக்கு நேராகப் பயன்படும் அளவுக்கு மென்மை இல்லை. குளோரின் வேறு இருக்கும், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு ஒருநாள் வைத்திருந்துதான் எடுக்க வேண்டும். ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்ததும் குடத்தில் மொண்டு வந்து ஊற்றுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வயல் மருந்தும் நோயும் ஒட்டுண்ணியும் அதோடு வரும்.

முழுக்க ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றிவிடலாமா?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வேண்டாம் என்பேன். கே.எச். பூஜ்யமாகிவிட்டால் பி.எச்.ஐத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. பத்தில் ஒரு பங்கு போர் தண்ணீரும் ஒன்பது பங்கு ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீரும் கலந்து பாருங்கள். போர் நீரின் டி.டி.எஸ். 900, ஆர்.ஓ. 40 என்றால் கலவை ஏறத்தாழ 126. போர் நீரின் கே.எச். 15 ஆக இருந்தால் கலவையில் ஒன்றரை, இரண்டு இருக்கும். பீட் வேலை செய்யவும், பி.எச். சரிந்துவிடாமல் இருக்கவும் இது நல்ல நடுநிலை. பாதிக்குப் பாதி கலந்தால் 470 வரும், அதில் பீட் பெரிதாக எதுவும் சாதிக்காது.

கடலோரத்தில் போர் நீரே 2,000-க்கு மேல் காட்டினால் அதை ஒரு சொட்டுக்கூடக் கலக்காதீர்கள். அங்கே கனிமத்துக்குக் குடிநீர்க் குழாய் நீரைச் சேர்ப்பது மேல்.

என்னென்ன அளவுகருவி வாங்க வேண்டும்?

டி.டி.எஸ். மீட்டர் ஒன்று, கே.எச். சொட்டு மருந்து ஒன்று. இந்த இரண்டுக்கும் பிறகுதான் பி.எச். அளக்கும் கருவி. கே.எச். சொட்டு மருந்தில் தண்ணீர் எத்தனை சொட்டில் நிறம் மாறுகிறதோ அத்தனை டிகிரி கே.எச். என்பதால் குழப்பமில்லை.

பி.எச். அளப்பதில் கருநீர் கொஞ்சம் படுத்தும். தண்ணீரே பழுப்பாக இருப்பதால் நிற அட்டையோடு ஒப்பிடும்போது கண் தவறும். ஒன்றும் சேர்க்காத தொட்டித் தண்ணீரை இன்னொரு குழாயில் எடுத்து, அட்டைக்கு முன்னால் பிடித்து, அதன் வழியாக அட்டை நிறத்தைப் பார்த்தால் ஓரளவு சரியாகும். சாதாரணக் கிட் பல 6-க்குக் கீழே காட்டாது. 6 என்று காட்டினால் உண்மையில் 5 ஆகவும் இருக்கலாம். பேனா வடிவ மீட்டர் நல்லதுதான், ஆனால் உப்பு மிகக் குறைந்த தண்ணீரில் எண் நிலைக்க நேரமாகும். அவசரப்படாமல் நிற்கும்வரை காத்திருங்கள், மாதம் ஒருமுறையாவது பி.எச். தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபாருங்கள்.

பீட்டை எப்படிப் பயன்படுத்துவது?

எனக்குப் பிடித்த முறை தனிப் பேரலில் தயாரிப்பது. மேலே சொன்ன கலவைத் தண்ணீரைப் பேரலில் நிரப்பி, பீட்டைப் பழைய நைலான் காலுறையிலோ மெல்லிய துணிப் பையிலோ கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். ஏர் ஸ்டோன் ஒன்று ஓடட்டும். ஒரு வாரம், பத்து நாளில் நிறமும் பி.எச்.ம் நிலைக்கும். அந்தத் தண்ணீரை வாராவாரம் தொட்டிக்கு எடுங்கள். என்ன தண்ணீர் உள்ளே போகிறது என்று மீனுக்குப் போகும் முன்பே அளந்து தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் இதில் பெரிய லாபம். தவறு நடந்தாலும் பேரலோடு போகும்.

இடம் இல்லாதவர்கள் ஃபில்டருக்குள்ளேயே பையை வைக்கலாம். பஞ்சுக்குப் பிறகு வையுங்கள், இல்லையென்றால் அழுக்கு அடைத்துவிடும். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள். பீட் விடுவதையெல்லாம் கார்பன் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

எப்படிச் செய்தாலும் முதலில் கொதிநீரில் ஊறவையுங்கள். காய்ந்த பீட் மிதக்கும், சுலபத்தில் நனையாது. கொதிக்கவைத்தால் கனத்து மூழ்கும், கிருமியும் போகும். முதல் ஊறல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதில் தூள்தான் அதிகம்.

எவ்வளவு போடுவது, எப்போது மாற்றுவது?

50 லிட்டருக்கு இரண்டு கைப்பிடியில் தொடங்கி, ஒரு வாரம் பார்த்து, தேவையென்றால் கூட்டுங்கள். தயாரிப்பாளரின் அட்டையில் அளவு இருந்தால் அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொருவர் தண்ணீரும் வேறு என்பதால் யார் சொல்லும் அளவும் உங்களுக்குத் தோராயம்தான். பி.எச். நாளுக்கு 0.2, 0.3-க்கு மேல் இறங்கக் கூடாது. பி.எச். 7-லிருந்து 6-க்கு வந்தால் அமிலம் பத்து மடங்கு என்பதை மறக்காதீர்கள்.

புதிதாக ஊற்றிய தண்ணீரில் நிறம் வெளிறிக்கொண்டே போவதும், பி.எச். பழைய அளவுக்கு இறங்காததும் பீட் தீர்ந்ததற்கு அடையாளம். மென்னீரில் ஒன்றிரண்டு மாதம் வரும். தீர்ந்ததைச் செடித் தொட்டியில் போட்டுவிடலாம்.

எலுமிச்சைச் சாறு, வினிகர், புளித்தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் இறங்கும் என்கிறார்களே?

இறங்கும், மறுநாள் ஏறும். கே.எச். அதிகமுள்ள தண்ணீரில் ஊற்றினால் பைகார்பனேட்டில் ஒரு பகுதி கரியமில வாயுவாகி, அது வெளியேறியதும் பி.எச். திரும்பும். மீனுக்குத் தாழ்ந்த பி.எச்.ஐவிட இந்த ஏற்ற இறக்கம்தான் கொடுமை. புளியும் எலுமிச்சையும் உள்ளே அழுகி பாக்டீரியாவைப் பெருக்கும். கடையில் விற்கும் சில பி.எச். குறைக்கும் மருந்துகளில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு, அது பாசிக்கு உரம். எதுவும் வேண்டாம்.

எந்த மீன்களுக்கு இது தேவை?

கார்டினல், நியான், ரம்மிநோஸ் டெட்ராக்கள், டிஸ்கஸ், அபிஸ்டோகிராமா வகைக் குட்டி சிக்லிட்கள், ஹார்லக்வின் ராஸ்போரா, சாக்லேட் கௌராமி, காட்டு பெட்டா வகைகள். இவற்றின் பூர்வீகமே இந்தத் தண்ணீர்தான். நிறம் பொங்கி வரும், பயம் குறையும், முட்டை பொரியும். கார்டினல் போன்ற மீன்களின் முட்டை கடின நீரில் சரியாகப் பொரிப்பதில்லை, இனப்பெருக்கம் செய்ய விரும்புகிறவர்களுக்குத்தான் பீட் பெரிய துணை.

கப்பி, மோலி, பிளாட்டி, கோல்ட்ஃபிஷ், ஆப்பிரிக்க ஏரி சிக்லிட்கள் இவற்றுக்கெல்லாம் கடின நீர்தான் பிடிக்கும். நத்தை வளர்க்கிறவர்களும் யோசிக்க வேண்டும், அமில நீரில் ஓடு கரைந்து வெள்ளைக் குழியாகும். போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால் மோலியும் கப்பியும் வளர்ப்பது மிக நல்ல முடிவு. அந்தத் தண்ணீருக்கென்றே பிறந்த மீன்கள் அவை, கவலையில்லாமல் பெருகும்.

கார்டினலுக்கு பி.எச். 4.5 வைக்க வேண்டுமா?

தேவையில்லை. 6 முதல் 6.8 வரை, டி.டி.எஸ். 60 முதல் 130 வரை இருந்தால் வீட்டுத் தொட்டிக்குப் போதும். 5-க்குக் கீழே கொண்டுபோவதெல்லாம் அரிய சதுப்பு மீன்களை முட்டையிட வைக்கிறவர்களின் வேலை.

சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து பஸ்ஸில் வந்த மீன் அங்கே கடின நீரில் பழகியிருக்கும். அதை வந்த அன்றே மென்னீரில் கொட்டினால் உடம்பில் உப்புச் சமநிலை குலைந்து, ஒன்றிரண்டு நாளில் சாகும். ஏர் பம்ப் குழாயில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக இரண்டு மூன்று மணி நேரம் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்குங்கள். டி.டி.எஸ். வித்தியாசம் பல நூறு இருந்தால் தனித் தொட்டியில் வைத்து ஒன்றிரண்டு வாரத்தில் மெதுவாக இறக்குவதுதான் முறை.

பி.எச். 5.5-ல் மீன் நன்றாக இருந்தது. பாதித் தண்ணீரைப் போர் நீரால் மாற்றினேன், இரவில் எல்லாம் செத்துவிட்டன. ஏன்?

இதைப் புரிந்துகொண்டால் பல மீன்கள் பிழைக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும்: அம்மோனியா, அம்மோனியம். முதலாவது விஷம், இரண்டாவது அவ்வளவு கெடுதல் இல்லாதது. எது எவ்வளவு என்பதை பி.எச். தீர்மானிக்கிறது. நம் ஊர் வெப்பத்தில், 28 டிகிரியில், பி.எச். 6 என்றால் விஷ வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8 என்றால் நூற்றில் ஆறு, ஏழு பங்கு. நூறு மடங்கு வித்தியாசம்.

இன்னொரு பக்கம், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பி.எச். 6-க்குக் கீழே சோம்பிவிடும். அதனால் அமிலத் தொட்டியில் அம்மோனியம் மெல்லச் சேரும், மீன் அதைத் தாங்கிக்கொண்டு திரியும். அந்த நேரத்தில் காரமான போர் நீரைக் குடம் குடமாக ஊற்றினால், சேர்ந்திருந்த அம்மோனியம் அத்தனையும் விஷமாக மாறும். நல்லது செய்வதாக நினைத்து ஊற்றிய தண்ணீரே கொன்றுவிடும்.

தப்பிக்க வழி எளிது. வாரம் 10 முதல் 20 சதவீதம் மட்டும், அதே பி.எச்., அதே டி.டி.எஸ். உள்ள தயார்த் தண்ணீரால் மாற்றுங்கள். பேரல் முறையை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். மீன் எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும், தீனி கொஞ்சமாகப் போடுங்கள். தயார்த் தண்ணீர் கைவசம் இல்லாத வாரத்தில் மாற்றாமல் விட்டுவிடுவது, போர் நீர் ஊற்றுவதைவிட மேல்.

கோடையில் என்ன செய்வது?

சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும். டிஸ்கஸ் தாங்கும், கார்டினல் சிரமப்படும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. மட்கும் பொருள் உள்ள தொட்டியில் அதையும் பாக்டீரியா பங்குபோட்டுக்கொள்ளும். ஏர் ஸ்டோனை நிறுத்தாதீர்கள். தண்ணீர் மேல் சிறு மின்விசிறி ஒன்று வீசினாலே ஓரிரு டிகிரி குறையும்.

வற்றிய அளவை நிரப்ப ஆர்.ஓ. அல்லது மழை நீர் மட்டும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கும். போர் நீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் ஆனி மாதத்துக்குள் கருநீர் போய்க் கடின நீர் வந்துவிடும்.

மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பகுதி இது.

பாதாம் இலை போதாதா? பீட் எதற்கு?

பலருக்குப் போதும். ஏற்கெனவே மென்னீர் வைத்திருந்து, நிறமும் கொஞ்சம் டானினும்தான் வேண்டும் என்றால் நாட்டு வாதுமை இலையே தேர்வு செய்யத் தக்கது. பள்ளிக்கூட வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் நிற்கும் மரம்தான். தானாக உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த இலையை எடுத்து, கழுவி, 30, 40 லிட்டருக்கு ஒன்று போடுங்கள். சாலைப் புகை படியும் மரத்தைத் தவிருங்கள். கடலோரத்தில் உள்ளவர்கள் சவுக்குக் காய்களையும் கொதிக்கவைத்துப் போடலாம். காய்ந்த வாழைச் சருகும் உதவும், ஆனால் மருந்தடித்த தோட்டத்துச் சருகு கூடாது.

இலை கால்சியத்தைப் பிடிக்கும் வேலையைப் பீட் அளவுக்குச் செய்யாது. அதற்குப் பதிலாக மழைநீர் இருக்கிறதே. நேர்மையாகச் சொன்னால், மழைநீரும் வாதுமை இலையும் உள்ள டெல்டா வீட்டுக்குப் பீட் அவசியம் இல்லை. முட்டையிட வைப்பவர்களும், பி.எச். 6-க்குக் கீழே நிலையாக வேண்டும் என்பவர்களும் வாங்கட்டும். பீட் சதுப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது. உலக நிலப்பரப்பில் 3 சதவீதமே இருந்தும், எல்லாக் காடுகளையும்விட அதிகக் கரியைப் பூட்டி வைத்திருக்கும் மண் அது. வாங்கினால் அளவாக வாங்குவோம்.

நீலகிரியில் பீட் கிடைக்கிறதாமே என்று கேட்பவர்களுக்கு: சோலைப் புல்வெளிப் பள்ளங்களில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். பல்லாயிரம் ஆண்டுத் தட்பவெப்பத்தின் பதிவு அந்த அடுக்குகளில் இருக்கிறது. ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது.

மணல், கல், செடி?

வினிகரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். பூம்புகார், நாகூர் கடற்கரை மணலில் சிப்பித் தூள் இருக்கும், பளிங்குக் கல்லும் பவளமும் கூடாது. பழைய சிமெண்ட் தொட்டியும் இதற்குச் சரிவராது. நன்றாக அலசிய ஆற்று மணல் பெரும்பாலும் நுரைக்காது.

பழுப்பு நீரில் வெளிச்சம் ஆழம்வரை இறங்காது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரின் போன்ற நிழல் தாங்கும் செடிகள் வரும். மற்றவை மெலியும்.

வாரம் ஒருமுறை கல்லுப்பு போடும் வழக்கம் இருக்கிறது. தொடரலாமா?

கருநீரில் கூடாது. உப்பை விரட்டத்தான் இத்தனை பாடும். நோய் வந்தால் மீனைத் தனி வாளியில் வைத்து வைத்தியம் செய்யுங்கள். செம்பு கலந்த மருந்துகளையும் பெரிய தொட்டியில் விடாதீர்கள். ஹியூமிக் பொருள் செம்பைப் பிடித்துக்கொள்வதால் மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிக்க முடியாது.

வீட்டில் எல்லோரும் தண்ணீர் அழுக்கு என்கிறார்கள். நிறத்தை மட்டும் குறைக்க முடியுமா?

முடியும். ஃபில்டரில் ஒரு பை கார்பனை ஓரிரு நாள் ஓடவிட்டால் நிறம் பாதியாகும், உப்புக் குறைவு அப்படியே இருக்கும், பி.எச். பெரிதாக மாறாது. ஆனால் அழுக்குக்கும் இதற்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல கருநீர் கண்ணாடி டம்ளரில் எடுத்தால் தெளிவாக இருக்கும், மழை பெய்த மண் வாசனை வரும். கலங்கலாக இருந்தாலோ, முட்டை அழுகிய நாற்றம் வந்தாலோ அது பீட்டின் குணமில்லை. அடியில் இலையோ தீனியோ குவிந்து அழுகுகிறது. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, தீனியைக் குறைத்து, காற்றைக் கூட்டுங்கள்.